கணினிக்குப் பொட்டு வைத்த காலம்

என் கணவர் மொன்றியல் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு பெரிய களஞ்சியத்தில் மேற்பார்வையாளராக வேலை செய்கிறார். கப்பலில் வந்து இறங்கும் பெட்டிகளைப் பிரித்துப் பாரவண்டிகளில் ஏற்றி அனுப்பும் இடம். ஒரு மாரிகாலத்தில் அங்கே யாரோ மின்னஞ்சலில் வந்த எதையோ திறந்துவிட்டார்கள். உடனே திரைகளெல்லாம் இருண்டுபோய், எந்தப் பெட்டி எந்த வண்டிக்கு என்று தெரியாமல், பொழுது படும்வரை எல்லோரும் கோப்பி குடித்துக்கொண்டு நின்றார்களாம். அதன்பிறகு நிர்வாகம் ஆட்களைக் கூட்டி உட்காரவைத்து, கணினிப் பாதுகாப்புப் பற்றி ஒரு வகுப்பு நடத்தியது.

அந்த வகுப்பு முடிந்து வந்த அன்று அவர் சப்பாத்தைக் கூடக் கழற்றவில்லை. வாசலில் நின்றபடியே கேட்டார்.

"எங்கட வீட்டுக் கொம்பியூட்டருக்கு ஆர் பாஸ்வேர்ட் போட்டது?"

"நீங்கள்தான்."

"என்னெண்டு போட்டனான்?"

"பாஸ்வேர்ட் எண்டுதான்."

அவர் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

எங்கள் கணினி சாப்பாட்டு அறையின் மூலையில் இருக்கிறது. பிள்ளைகள் இரண்டு பேரும் படிப்புக்காக வேறு நகரங்களுக்குப் போய்விட்டார்கள். அவர்கள் தவழ்ந்த நாளிலிருந்து எடுத்த படங்கள் அத்தனையும் அதற்குள்தான் கிடக்கின்றன. நான் கார்டெரி என்கிற பிள்ளைகள் காப்பகத்தில் சின்னப் பிள்ளைகளைப் பார்க்கிறவள். மாலையில் பெற்றோருக்கு எழுத வேண்டியவற்றை அதில்தான் எழுதுவேன். ஆனால் உண்மையில் அந்தக் கணினியின் சொந்தக்காரி மச்சாள், அதாவது என் கணவரின் அக்கா. அவருடைய கணவர் காலமான பிறகு எங்களோடு வந்து இருப்பவர். நாடகத் தொடர், கோயில் நேரலை, யாழ்ப்பாணத்து மரண அறிவித்தல்கள் என்று நாள் முழுக்க அதன் முன்னால்தான். ஆகவே வீட்டில் பாதுகாப்புச் சட்டங்கள் வந்தபோது முதலில் அகப்பட்டவரும் மச்சாள்தான்.

பாஸ்வேர்ட் நீளமாக இருக்க வேண்டும், பெயர் கூடாது, எங்கும் எழுதி வைக்கக் கூடாது, வெளியாளுக்கு மனதில் தோன்றவே கூடாது என்றார் என் கணவர். யோசித்து யோசித்து, கத்தரிக்காய்க் குழம்பு என்பதை ஆங்கில எழுத்தில் வைத்தார். கள்ளனுக்குத் தோன்றவில்லைத்தான். எங்களுக்கும் வரவில்லை. நான் ழகரத்துக்கு இசட்-எச் போட்டேன். அவர் எல் போட்டிருந்தார். மச்சாள் கடைசிப் 'பு'வுக்குப் பேப்பரில் வரும் பி என்றார், என் கணவர் பஸ்ஸில் வரும் பி போட்டிருந்தார். கத்தரிக்காயில் எத்தனை டி என்பதில் எங்கள் மூவருக்குள்ளும் இன்றுவரை உடன்பாடு இல்லை. பிழையாகப் போட்டுப் போட்டு, கணினி எங்களையே கள்ளர் என்று முடிவுகட்டி வெளியே நிறுத்திவிட்டது.

மச்சாளுக்கு இன்னொரு பழக்கம். ஒவ்வோர் எழுத்தாகத் தேடி, அதன் பெயரை உரக்கச் சொல்லி, விரலால் குத்துவார்.

"அக்கா, சத்தம் போடாதேங்கோ. பாஸ்வேர்ட் ரகசியம்."

"ஆருக்கடா ரகசியம்? உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும், இவளுக்கும் தெரியும். மிச்சம் இந்த வீட்டில நிக்கிறது பிரிட்ஜ்தான்."

அடுத்தது கமரா. கணினித் திரையின் மேல் விளிம்பில் இருக்கும் அந்தச் சின்னக் கண் வழியாக எவனாவது எங்களைப் பார்க்கலாம் என்று வகுப்பில் சொல்லியிருக்கிறார்கள். அவர் களஞ்சியத்தில் பெட்டி ஒட்டும் அகலமான ஒட்டுநாடாவைக் கொண்டுவந்து ஒட்டினார். அது திரையின் கால்பங்கை மறைத்தது. மச்சாளின் நாடகத்தில் மாமியார்களின் நெற்றியிலிருந்து மேலே ஒன்றும் தெரியவில்லை. சிறிது நேரம் பொறுத்துப் பார்த்த மச்சாள், ஒட்டுநாடாவை உரித்து எறிந்துவிட்டு, தன் கைப்பையிலிருந்து சிவப்பு ஒட்டுப்பொட்டு ஒன்றை எடுத்து அந்தக் கண்ணில் ஒட்டினார். அளவு கச்சிதம். என் கணவர் வந்து பார்த்தார். குறை சொல்ல இடமில்லாததால் ஒட்டுநாடா உருளையை எடுத்து உள்ளே வைத்தார். வீட்டுக்கு வந்தவர்கள் கணினியைப் பார்த்துச் சிரிப்பார்கள். வெள்ளிக்கிழமைகளில் மச்சாள் பொட்டை மாற்றுவார்.

இதோடு நின்றிருக்கலாம். அவர் நிற்கவில்லை. வைரஸ் தடுக்கும் மென்பொருள் ஒன்று இருந்தால் நல்லது, மூன்று இருந்தால் இன்னும் நல்லதுதானே என்று மூன்றை ஏற்றினார். மூன்றும் திரையின் மூலையில் மூன்று நிறக் கேடயங்களாகக் குந்தியிருந்தன. அவை வைரஸைப் பிடித்தனவோ தெரியாது, ஒன்றையொன்று பிடித்தன. பச்சைக் கேடயம் எழும்பி, சந்தேகத்துக்குரிய ஆள் ஒருவன் உள்ளே நிற்கிறான் என்று மணியடிக்கும். யாரென்று பார்த்தால் நீலக் கேடயம். என் கணவருக்கு ஒவ்வொரு மணிக்கும் முகம் கவலையாகும். அந்தக் கவலைக்குள் ஒரு சந்தோஷமும் இருக்கும். காவல் வேலை நடக்கிறது அல்லவா.

கணினி மட்டும் நடக்கவில்லை. அதைப் போட்டுவிட்டு நான் தேத்தண்ணி வைத்துக் குடித்து, கோப்பையையும் கழுவி வைத்துவிட்டு வந்தால் அது அப்போதுதான் கண் விழித்துக்கொண்டிருக்கும். டொலார்ட்-டெஸ்-ஓர்மோ முருகன் கோயிலில் திருவிழா நடந்தபோது மச்சாளுக்கு முழங்கால் வருத்தம். நேரலையில்தான் பார்த்தார். சாமி வெளிவீதி வரும் நேரம் கூட்டம் 'அரோ' என்று குரல் எழுப்பியது. அதோடு படம் நின்றது. மச்சாள் கும்பிட்ட கையோடு காத்திருந்தார். 'கரா' வந்து சேர்ந்தபோது சாமி இருப்பிடத்துக்கே போய்விட்டது.

இவ்வளவு காவலுக்குப் பிறகும் திரையின் ஓரத்தில் விளம்பரங்கள் எட்டிப் பார்க்கத் தொடங்கின. முழங்கால் எண்ணெய், மெலிவதற்கு மருந்து, நீங்கள் அதிர்ஷ்டசாலி என்று ஒரு பெண். என் கணவர் விசாரணை வைத்தார்.

"அக்கா, உண்மையைச் சொல்லுங்கோ. இதிலை எங்கையெங்கை போனனீங்கள்?"

"நான் எங்கையடா போறது, இந்தப் பனிக்கை? வீட்டிலதானே இருந்தனான்."

அதற்குப் பிறகு நாடகம் பார்ப்பதற்கு நேரம் வகுக்கப்பட்டது. மச்சாள் ஒன்றும் மறுக்கவில்லை. எனக்குத்தான் பாவமாக இருந்தது.

அது நடந்தது ஒரு சனிக்கிழமை முற்பகல். முதல்நாள் நல்ல பனி கொட்டியிருந்தது. என் கணவர் வாசலில் பனி அள்ளிக்கொண்டிருந்தார். நான் அடுப்பில் புட்டை ஏற்றிவிட்டுச் சம்பலுக்குத் தேங்காய் எடுத்துக்கொண்டிருந்தேன். திடீரென்று சாப்பாட்டு அறையில் தீயணைப்பு வண்டி நுழைந்ததைப் போல ஒரு சத்தம்.

"பிள்ளை, ஒருக்கா ஓடி வா. கொம்பியூட்டருக்குள்ள ஒரு மனுசி நிண்டு பிரெஞ்சில ஏசுறா."

போய்ப் பார்த்தேன். திரை முழுக்கச் சிவப்பு. ஒரு பெண் குரல் சொன்னதையே திரும்பத் திரும்பச் சொன்னது: உங்கள் கணினியில் ஆபத்தான வைரஸ் புகுந்துவிட்டது, வங்கி விபரங்களும் படங்களும் களவு போய்க்கொண்டிருக்கின்றன, கணினியை அணைக்க வேண்டாம், உடனே இந்த எண்ணுக்கு அழையுங்கள். படங்கள் என்ற சொல்லைக் கேட்டதும் மௌஸைப் பிடித்தேன். மூடப் பார்த்தேன். அது மூடவில்லை.

சத்தம் கேட்டு என் கணவர் பனிச் சப்பாத்தோடும் கையில் மண்வெட்டியோடும் உள்ளே வந்தார்.

"ஒருதரும் ஒண்டும் தொடாதேங்கோ!" என்றார். பிறகு மச்சாளைத் திரும்பிப் பார்த்தார். "எதை அமத்தினனீங்கள்?"

"நான் ஒண்டும் அமத்தேல்லை. அதுவாத்தான் வந்தது."

"அதுவா ஒண்டும் வராது அக்கா."

கோட்டுக்குள்ளிருந்து கைபேசியை எடுத்து அந்த எண்ணை அழுத்தத் தொடங்கினார்.

"வகுப்பிலை இப்பிடி வாற நம்பருக்கு அடிக்கச் சொன்னவையோ?" என்று கேட்டேன்.

"இது வேறை. இது பாதுகாப்புக் கொம்பனி. வடிவாப் பாரும், கேடயம் போட்டிருக்கு."

மறுமுனையில் ஓர் இளைஞனின் குரல். ஆங்கிலம். அவ்வளவு பணிவு. என் கணவர் அவனை 'சேர்' என்றார், அவன் இவரை 'சேர்' என்றான். கைபேசியைச் சத்தமாக வைத்து மேசையில் வைத்துவிட்டு, அவன் சொன்ன பக்கத்தைத் திறந்தார், சொன்ன இலக்கத்தைப் போட்டார், அனுமதிக்கவா என்று கணினி கேட்டதற்கு ஓம் என்று அமத்தினார். அடுத்த நிமிடம் அம்புக்குறி தானாக நகரத் தொடங்கியது. யாரும் மௌஸைத் தொடவில்லை. கண்ணுக்குத் தெரியாத ஒருவர் எங்கள் கதிரையில் வந்து உட்கார்ந்ததைப் போல இருந்தது.

"பாத்தீரோ, எவ்வளவு கெட்டித்தனமாச் செய்யிறாங்கள்," என்று என்னிடம் மெதுவாகச் சொன்னார்.

கறுப்புத் திரை ஒன்று திறந்து, வெள்ளை எழுத்துகள் மழையாக ஓடின. இவை எல்லாமே வைரஸ்கள் சேர், நிலைமை மோசம், என்றான் அவன். பிறகு அதே பணிவோடு, உங்கள் வங்கிக் கணக்கைத் திறவுங்கள், அது பத்திரமாக இருக்கிறதா என்று நாங்கள் பார்த்துவிடுகிறோம் என்றான். என் கணவரின் விரல்கள் எழுத்துப் பலகைக்குப் போயின.

கணினி எனக்கு அதிகம் தெரியாது. ஆனால் கார்டெரியில் எங்களுக்கு ஒரு கண்டிப்பு உண்டு. எவ்வளவு மரியாதையாகப் பேசினாலும், தெரியாத ஆள் கதவடியில் வந்து நின்றால் பிள்ளையைக் கொடுக்கக் கூடாது. நான் மேசைக்குக் கீழே குனிந்து நுழைந்தேன். அங்கே வயர்கள் இடியப்பமாகச் சிக்கிக் கிடந்தன. கையில் அகப்பட்ட முதலாவதை இழுத்தேன். மேசை விளக்கு அணைந்தது. அடுத்ததை இழுத்தேன். இணைய மொடெமின் பச்சை வெளிச்சங்கள் ஒவ்வொன்றாகச் செத்தன.

மேலே அம்புக்குறி அப்படியே நின்றது.

"என்ன வேலை பாத்தனீர்!" என்று கத்தினார் என் கணவர்.

"சேர்? சேர்? இணைப்பு விட்டுப்போச்சு சேர். உடனே திருப்பிப் போடுங்கள்," என்று ஆங்கிலத்தில் அவசரப்பட்டது குரல். இப்போது பணிவு கொஞ்சம் குறைந்திருந்தது. என் கணவர் மேசைக்குக் கீழே இருந்த என்னையும் கைபேசியையும் மாறி மாறிப் பார்த்தார். யார் சொல்வதைக் கேட்பதென்று அவருக்குத் தெரியவில்லை.

மச்சாள் கைபேசியை எடுத்தார். அவருக்கு ஆங்கிலம் கொஞ்சம் விளங்கும், ஆனால் ஏசுவதற்குத் தமிழ் மட்டும்தான் வரும்.

"தம்பி, எங்கட பாங்க் கணக்கு உனக்கு என்னத்துக்கு? ஆரடா நீ? எங்கையிருந்து கதைக்கிறாய்?"

அந்தப் பக்கம் எழுத்துப் பலகை தட்டும் சத்தம் நின்றது.

"உன்னைத்தான் கேக்கிறன். இந்த மனுசன் பனி அள்ளிப்போட்டு வந்து நிக்குது, நீ அதை நிலைகுலைச்சு வைச்சிருக்கிறாய். உன்ர அம்மா எங்கை? நீ இருந்து என்ன வேலை பாக்கிறாய் எண்டு அவவுக்குத் தெரியுமோ? சாப்பிட்டியோ, இல்லையோ?"

அது மச்சாளின் வழக்கம். யாரை ஏசினாலும் கடைசியில் சாப்பிட்டாயா என்று கேட்டுவிடுவார்.

அவன் வைத்துவிடுவான் என்றுதான் நினைத்தோம். வைக்கவில்லை. அவனுக்குப் பின்னால் பலபேர் ஒரே நேரத்தில் பேசும் இரைச்சல் கேட்டது. பிறகு அவன் வாயைக் கருவியோடு ஒட்டிவைத்துக்கொண்டு, ரகசியமாக, தமிழில் சொன்னான்.

"அம்மா, போனை வச்சிடுங்க."

நான் மேசைக்குக் கீழிருந்து தலையை நீட்டினேன்.

"கம்ப்யூட்டரை ஆஃப் பண்ணிடுங்க. பேங்குக்கு நீங்களே கூப்பிட்டுச் சொல்லிடுங்க. யாராவது திரும்பக் கூப்பிட்டா எடுக்காதீங்க."

அழைப்பு அறுந்தது.

அடுப்பிலிருந்து தீய்ந்த மணம் வந்தபோதுதான் புட்டுப் பானையின் ஞாபகம் வந்தது. தண்ணீர் வற்றிப் பானை அடிப்பிடித்திருந்தது. நான் அதை இறக்கிவிட்டு வரும்போது என் கணவர் சப்பாத்தோடு அதே கதிரையில் இருந்தார். காலடியில் பனி உருகிக் குளமாகி நின்றது. காதுமடல்கள் சிவந்திருந்தன. அந்த வகுப்பு நாள் தொடக்கம் அவரைக் கிண்டல் செய்ய நான் எவ்வளவோ சேர்த்து வைத்திருந்தேன். அன்றைக்கு ஒன்றையும் எடுக்க மனம் வரவில்லை. துடைப்பத் துணியை எடுத்து வந்து தண்ணீரைத் துடைத்தேன்.

"வகுப்பிலை சொன்னவங்கள்தான்," என்றார் அவர், நிலத்தைப் பார்த்தபடி. "இதே மாதிரிப் படம் போட்டுக் காட்டினவங்கள்."

"சரி. எழும்பி பாங்குக்கு அடியுங்கோ."

வங்கி அட்டையின் பின்புறத்தில் இருந்த எண்ணுக்கு அழைத்தார். வங்கியில் பேசிய பெண் பதற்றமே இல்லாமல் அட்டைகளை நிறுத்திப் புதியவற்றை அனுப்புவதாகச் சொன்னார். எங்களைப் போல எத்தனை பேரைக் கேட்டிருப்பாரோ. என்னுடைய கைபேசியிலிருந்து பாஸ்வேர்ட்களை எல்லாம் மாற்றினோம். இந்த முறை ழகரம் இல்லாத கறியாகப் பார்த்து நான்தான் தெரிவு செய்தேன்.

திங்கட்கிழமை வேலை முடிந்ததும் கணினியைப் போர்வையில் சுற்றி, பார்க்-எக்ஸ்டென்ஷனில் இருக்கும் ஒரு திருத்தும் கடைக்குக் கொண்டுபோனோம். கடைக்காரி ஒரு கியூபெக் பெண், எங்கள் வயதுதான் இருக்கும். திரையைப் பார்த்தவுடன் பொட்டைப் பற்றிக் கேட்டார். நான் விளக்கினேன். அவர் தலையை ஆட்டி, இந்தக் கணினியில் போட்டிருப்பவற்றில் ஒழுங்காக வேலை செய்யும் பாதுகாப்பு இது ஒன்றுதான் என்றார். மூன்று கேடயங்களையும் கண்டு அவர் சிரித்த சிரிப்பு கடைக்கு வெளியிலும் கேட்டிருக்கும். ஒரு வாசலுக்கு மூன்று காவல்காரரை நிறுத்தினால் அவர்கள் ஒருவரோடொருவர் முட்டிக்கொள்வார்கள், கள்ளன் நடுவால் போய்விடுவான் என்றார்.

பிறகு உள்ளே தேடிப் பார்த்துவிட்டு எங்களைக் கேட்டார். "உங்கள் வீட்டில் விளையாட்டுப் பார்ப்பது யார்?"

என் கணவர் சுவரில் இருந்த வெப்பக் கருவியை மிகுந்த அக்கறையோடு பார்க்கத் தொடங்கினார்.

விஷயம் இதுதான். ஏதோ ஒரு தளத்தில் கிரிக்கெட் இலவசமாகக் காட்டியிருக்கிறார்கள். படம் தெரிய வேண்டுமென்றால் இந்த வீடியோக் கருவியை ஏற்று என்று அது கேட்டிருக்கிறது. ஏற்றியிருக்கிறார். அறிவித்தல்கள் அனுப்பலாமா என்று கேட்டிருக்கிறது. அதற்கும் ஓம். நாங்கள் எங்கே போகிறோம், எதைத் தேடுகிறோம் என்று வேவு பார்த்ததும், விளம்பரங்களைக் கொண்டுவந்து கொட்டியதும், கடைசியில் அந்தச் சிவப்புத் திரையை அனுப்பியதும் அந்த வழியால் வந்தவைதான். நல்ல பிரெஞ்சு பேசும் என் கணவருக்கு அன்று நன்றி சொல்லும் 'மெர்சி'யைத் தவிர வேறு சொல் வரவில்லை.

கடைக்காரி படங்களைப் பத்திரமாக வேறொரு பெட்டியில் எடுத்து வைத்துவிட்டு, கணினியை முழுக்கத் துடைத்துப் புதிதாக்கித் தந்தார். கணினியோடு வரும் பாதுகாப்பே உங்களுக்குப் போதும், புதுப்பிக்கவா என்று அது கேட்கும்போது நாளைக்கு என்று சொல்லாதீர்கள், படங்களுக்கு எப்போதும் இன்னொரு பிரதி வைத்திருங்கள் என்றார். ஒவ்வொருவருக்கும் தனித்தனிக் கணக்கு வைத்தார். புதிதாக ஏதாவது ஏற்றும் அதிகாரம் ஒருவருக்கு மட்டும் இருந்தால் நல்லது, யாருக்குக் கொடுக்க என்று கேட்டார். என் கணவர் வாயைத் திறப்பதற்குள் கடைக்காரியே என் பக்கம் கையைக் காட்டிவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் என் கணவர் மச்சாளுக்கு முன்னால் போய் நின்றார்.

"அக்கா, அது உங்களாலை வந்ததில்லை."

"எனக்குத் தெரியுமே."

"எப்பிடி?"

"நீ மட்ச் பாக்கேக்கை நான் பின்னாலைதானே இருந்தனான். கேக்கிறதுக்கெல்லாம் ஓம், ஓம் எண்டு அமத்தினாய்."

"அப்ப ஏன் சொல்லேல்லை?"

"நீ வகுப்புக்குப் போட்டு வந்த ஆள். தெரிஞ்சுதான் செய்யிறாய் எண்டு இருந்திட்டன்."

அன்று இரவே நான் சேர்த்து வைத்திருந்த கிண்டல்களை எடுக்கத் தொடங்கினேன். இன்னும் முடியவில்லை.

சில கிழமைக்குப் பிறகு கோயிலுக்குப் போனோம். மச்சாளின் முழங்கால் கொஞ்சம் தேறியிருந்தது. எங்களுக்கு அர்ச்சனை முடிந்ததும் மச்சாள் இன்னொரு தட்டை நீட்டினார். ஐயர் பெயரும் நட்சத்திரமும் கேட்டார்.

"பேர் தெரியாது ஐயா. நட்சத்திரமும் தெரியாது. போனிலை கதைச்ச ஒரு பொடியன்."

ஐயர் எங்களைப் பார்த்தார். என் கணவர் குனிந்து, "அக்கா, அவன் எங்களைக் களவெடுக்க வந்தவன்," என்றார்.

"ஓம். எடுக்கேல்லையே. அவனுக்கு அங்கை என்ன நடந்துதோ."

ஐயர் ஒரு கணம் யோசித்துவிட்டு, சுவாமி பேரிலேயே செய்யிறன் என்று தட்டை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். என் கணவர் கைகூப்பி நின்றார். அவருடைய கண்கள் மூடியிருந்தன.

பிறகு அன்னதான மண்டபத்தில் அவர் தன் நண்பர்களுக்கு நடந்ததைச் சொன்னார். தன்னை வீரனாக்கிச் சொல்லப் போகிறார் என்று நான் காதைக் கொடுத்துக்கொண்டு நின்றேன். ஆனால் கிரிக்கெட்டையும் சொன்னார், தானே அழைத்ததையும் சொன்னார், நான் மேசைக்குக் கீழே போனதையும் சொன்னார். ஆண்கள் சிரிக்கவில்லை. எல்லோரும் சோற்றையே பார்த்தார்கள். கடைசியில் ஒரு நண்பர், ஊர்க் கூட்டங்களில் எல்லோருக்கும் புத்தி சொல்லுகிறவர், தொண்டையைச் செருமினார்.

"அண்ணை, அந்தத் திருத்திற கடை எங்கையெண்டு சொன்னனீங்கள்? எனக்கும் அந்தச் சிவப்பு ஸ்கிரீன் வந்தது. நானும் அடிச்சுக் கதைச்சிட்டன். பேந்து சொல்லுவம் எண்டு மனுசிக்கு இன்னும் சொல்லேல்லை."

அவருடைய மனைவி பாயாசக் கோப்பையோடு என் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தார். கோப்பையை என் கையில் தந்துவிட்டு, சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு அந்த மேசையை நோக்கி நடந்தார்.